அவர் கேட்டது எந்தப் பதிப்பு? ஜாஸ், சோல் நினைவுத் தொகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மறைந்த ஒருவருக்குப் பிடித்த, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகைகளான ஜாஸ், சோல் பாடல்களைத் தொகுத்து, அவர் நினைவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பலர் ஆசையோடு இறங்குகிறார்கள். பட்டியலைக் கொண்டுவந்து "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஆள் மாறினாலும் தவறுகள் மாறுவதில்லை. தொடக்கத்தில் எனக்கும் வந்த அதே தவறுகள்தான்.

ஒரே பாட்டு இரண்டு முறை வருவது, பாடகர் பெயரைத் தப்பாக எழுதுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை யார் கண்ணிலும் பட்டுவிடும்.

## உங்கள் ரசனையை நுழைப்பது

"இவ்வளவு ஜாஸ் கேட்ட மனுஷன், சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேனைக் கேட்காமலா இருந்திருப்பார்?" என்பார்கள். கேட்காமலே இருந்திருக்கலாம். பாடகிகளான எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் சாரா வானும் போதும், நீளமான சாக்ஸபோன் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் எழுந்து போய்விடுவேன் என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர் கேட்டதற்கு ஒரு சாட்சி வேண்டும்: தேய்ந்த இசைத்தட்டு, பழைய கேசட்டின் அட்டையில் அவர் கையெழுத்து, கூட உட்கார்ந்து கேட்ட ஒருவரின் ஞாபகம். சாட்சி இல்லாத பாட்டை, எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும், வெளியே வையுங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு தொகுப்பு செய்துகொள்ளலாமே.

## தவறான பதிப்பைச் சேர்ப்பது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

ஒரு நண்பர் தன் தாய்மாமாவுக்காகத் தொகுத்தார். மாமா சோல் பாடகர் சாம் குக்கின் தீவிர ரசிகர். நினைவுக்கூட்டத்தில் 'எ சேஞ்ச் இஸ் கான்னா கம்' ஒலித்தபோது மாமாவின் மகள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். படம் பார்க்கப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் இங்கே சுற்றாதே என்று விரட்டுகிறார்கள் என ஒரு சரணம் வரும். அந்த இடம் வரவே இல்லை. பாட்டு அதைத் தாண்டி, சகோதரனிடம் உதவி கேட்கிற பகுதிக்குப் போய்விட்டது. அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள். "அத்தான், அந்த இடம் எங்கே போச்சு? அப்பா கூடச் சேர்ந்து பாடுறது அங்கேதானே?"

நண்பரிடம் பதில் இல்லை. 1964 தொடக்கத்தில் வந்த எல்.பி.யில், அதாவது பல பாட்டுகள் கொண்ட நீண்ட இசைத்தட்டில், அந்தச் சரணம் இருக்கிறது. அதே வருடம் டிசம்பரில், குக் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில் வெளியான சிங்கிளில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சின்னத் தட்டில், வானொலிக்காக அதை வெட்டிவிட்டார்கள். நண்பர் தேடியபோது முதலில் வந்தது வெட்டிய பதிப்பு. அதை அப்படியே எடுத்துச் சேர்த்துவிட்டார். முழுப் பாட்டு உள்ள எல்.பி. மாமாவின் அலமாரியிலேயே இருந்தது. அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஒலிக்கோப்பை அன்றிரவே மாற்றிவிட்டார், சரி. ஆனால் அன்று வந்தவர்கள் எல்லாரும் இன்னொரு முறை சேர்ந்து உட்கார்ந்து கேட்கப்போவதில்லை.

சரி, முழுநீளப் பதிப்பாகப் பார்த்துச் சேர்த்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் 1959 மார்ச்சில் இறந்தார். அவருக்கு அஞ்சலியாக ஜாஸ் இசையமைப்பாளர் சார்ல்ஸ் மிங்கஸ் அமைத்த 'குட்பை போர்க் பை ஹாட்' அதே வருடம் எல்.பி.யில் வந்தபோது, அதைச் சுருக்கித்தான் போட்டார்கள். வெட்டிய பகுதியைப் பல வருடம் கழித்து வந்த மறுபதிப்புகளில் திரும்பச் சேர்த்தார்கள். பழைய எல்.பி.யையே வாழ்நாள் முழுக்கக் கேட்டவருக்கு அந்த முழுப் பதிப்பு பழக்கமில்லாதது. சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸ் 1969-இல் செய்த 'வாக் ஆன் பை' எல்.பி.யில் 12 நிமிடம், சிங்கிளில் 5 நிமிடத்துக்கும் குறைவு. வானொலியில் கேட்டு மனப்பாடம் செய்தவருக்கு அந்தச் சின்னதுதான் பாட்டு.

இதில் இன்னும் நுணுக்கமானது வேகம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்துக்கு 1959 மார்ச் 2 அன்று நடந்த முதல் அமர்வில், பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு விரையும், சுருதியும் ஏறும். எல்.பி.யின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று பாடல்களும் அப்படித்தான் வெளிவந்தன. 1992-இல் வந்த மறுபதிப்பில்தான் சரிசெய்தார்கள். இப்போது இசைச் செயலிகளில் பொதுவாகக் கிடைப்பது சரிசெய்த பதிப்பு. எண்பதுகளில் வாங்கிய எல்.பி.யைத் தேயத் தேயக் கேட்டவர் காதில் பதிந்தது சுருதி ஏறிய பதிப்பு. இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள். அவரோடு அதே அறையில் உட்கார்ந்து கேட்ட மனைவிக்குத் தெரியும். என்ன மாறியிருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று முகத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் மறுபதிவுகள். சோல் பாடகர்கள் பலர் தங்கள் பழைய வெற்றிப் பாடல்களை, வேறு நிறுவனத்துக்காக, வயதான பிறகு மறுபடி பாடிக் கொடுத்திருக்கிறார்கள். 'மாபெரும் வெற்றிப் பாடல்கள்' என்ற மாதிரித் தலைப்போடு மலிவாக வரும் தொகுப்புகளில் இவை நிறைய உண்டு. பாட்டும் குரலும் அதேதான். ஆனால் டிரம்ஸின் அடியே வேறாக இருக்கும், பின்னணிப் பெண் குரல்கள் இருக்காது.

அதனால் பட்டியலைத் தொடங்கும் முன் அவருடைய அலமாரியைப் பாருங்கள். இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் பட்டியல் எண் இருக்கும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் வெளியீட்டில் மோனோவுக்கு சி.எல். 1355, ஸ்டீரியோவுக்கு சி.எஸ். 8163. அந்த எண்ணைத் தேடினால் எந்த வருடத்து எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். பாட்டின் நீளத்தை ஒப்பிடுங்கள். பத்து விநாடி வித்தியாசம் இருந்தால்கூடச் சந்தேகப்படுங்கள். பிறகு இரண்டு பதிப்புகளின் முதல் இருபது விநாடியையும் கடைசி இருபது விநாடியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், ஏனென்றால் வேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

இசைத்தட்டே கையில் இருந்தால் அதையே கணினியில் பதிந்துகொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. ஊசியைச் சுத்தம் செய்துவிட்டு, தட்டு நிமிடத்துக்குச் சரியாக 33⅓ சுற்று ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். படபடப்புச் சத்தத்தை நீக்குகிறேன் என்று மென்பொருளைக் கடுமையாக ஓட்டாதீர்கள். சிம்பலில் பிரஷ் உரசுகிற சத்தமும் கூடவே போய்விடும்.

## எல்லாமே சோகப் பாட்டாக

ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஊர்வலத்தைப் பித்தளை வாத்தியக் குழுதான் நடத்திச் செல்லும். கல்லறைக்குப் போகும்போது மெதுவான துதிப்பாடல். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் தாளம். பின்னால் வருகிற கூட்டம் குடையும் கைக்குட்டையும் வீசி ஆடிக்கொண்டே வரும். மரணத்தை இப்படி வழியனுப்பத் தெரிந்த இசையை வைத்துக்கொண்டு பதினைந்து அழுகைப் பாட்டை வரிசையாக அடுக்காதீர்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தமாக வைத்துக் கேட்ட பாட்டு எது என்று வீட்டாரிடம் கேளுங்கள். அதுவும் உள்ளே வரட்டும்.

## சத்தத்தைச் சமமாக்குகிறேன் என்று நசுக்குவது

ஐம்பதுகளின் ஒரு ஜாஸ் மூவர் குழுவையும் எழுபதுகளின் முழு வாத்தியக் குழு சோலையும் அடுத்தடுத்து வைத்தால் சத்தம் ஏறி இறங்கத்தான் செய்யும். உடனே, உரத்த சத்தத்தை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். மெதுவாகத் தொடங்கி ஏறுகிற பாட்டு, தொடக்கத்திலேயே உச்சத்தில் நிற்கும். சின்னதை ஏற்றாதீர்கள், பெரியதை இறக்குங்கள். பெரும்பாலும் 3, 4 டெசிபல் இறக்கினால் போதும், காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடித்ததும் கைபேசியின் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தாழ்ந்த சுருதி வாத்தியமான பேஸ் தனியாகத் தொடங்கும் பாட்டு அதில் மௌனமாகத்தான் தொடங்கும். கேட்பவர் சத்தத்தைக் கூட்டிவிடுவார், அடுத்த கணம் டிரம்பெட் காதைக் கிழிக்கும். முதல் பாட்டாக அப்படியொன்றை வைக்காதீர்கள்.

## கிராஸ்ஃபேட்

ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்தது அதன் மேல் கலந்து தொடங்கும்படி செயலியில் இருக்கும் வசதி இது. அணைத்துவிடுங்கள்.

## ஒட்டியிருக்கும் பாட்டைப் பிய்ப்பது

சோல் பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பமான 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதல் பக்கம் முழுவதும் ஒரே ஓட்டம், ஒரு பாட்டு அடுத்ததற்குள் கரைந்துவிடும். நடுவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்தால் கத்தரித்த இடம் அப்பட்டமாகக் கேட்கும். இரண்டு பாட்டைச் சேர்த்து எடுங்கள், இல்லையென்றால் முடிவில் நீங்களே மெதுவாக ஒலியைக் குறையுங்கள்.

## அவர் குரலைப் பாட்டின் மேல் போடுவது

வேண்டாம். குரல் பதிவு இருந்தால் தனித் தடமாக வையுங்கள்.

## நீளம்

நாலு மணி நேரத் தொகுப்பை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. பழைய 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். அந்த அளவு போதும்.

## இணைப்பை மட்டும் அனுப்புவது

செயலியில் செய்த பட்டியல் நிலையானதல்ல. உரிமம் மாறினால் பாட்டு ஒருநாள் ஒலிக்காமல் பட்டியலில் சாம்பல் நிறமாகிவிடும், சில நேரம் வேறு பதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். பதிப்பைத் தேடி இவ்வளவு அலைந்ததே வீண். கோப்புகளாக, இழப்பில்லாத ஃபிளாக் வடிவில், இரண்டு இடத்தில் வையுங்கள். கூடவே ஒரு தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: யார் பாடியது, எந்த வருடப் பதிவு, எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, இது அவருக்குப் பிடிக்கும் என்று உங்களுக்குச் சொன்னவர் யார்.