கடவுள் இல்லை என்பவர் கேள்வி கேட்டால்

என் தம்பிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. எனக்கு உண்டு. அவன் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறான். நான் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 23 வருடமாக நர்ஸ். எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சிலிருந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். என் மதம் எது என்று சொல்லப் போவதில்லை. எந்த மதத்துக்காரருக்கும் இதே கேள்விகள்தான் வருகின்றன, தடுமாறும் இடங்களும் அநேகமாக ஒன்றுதான்.

முதலில் நான் தோற்ற கதை. பதினோரு வருடம் முன்பு நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று ரத்தத்தில் கிருமி ஏறி வார்டுக்கு வந்தது. ஐந்து நாள் வெண்டிலேட்டரில் இருந்தது. கால் வீங்கிவிட்டதால் காலுறையைக் கழற்றி அதன் அம்மா கையில் கொடுத்தேன். மஞ்சள் நிறம், கணுக்காலில் ஒரு முயல் படம். அந்த அம்மா அதைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டவர் ஐந்து நாளும் விடவேயில்லை. ஒவ்வொரு டியூட்டியிலும் மருந்து மாற்றும்போதெல்லாம் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் குழந்தை போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். "நீயும் வேண்டிக்கிட்டியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்புறம்?" என்றான். கடவுள் எதையும் காரணமில்லாமல் செய்யமாட்டார் என்றேன். அவன் குரலை உயர்த்தாமல் கேட்டான்: "இதை அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்வியா, அக்கா?"

என்னால் சொல்ல முடியாது. அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. நாலு மாதம் அவனோடு பேசவில்லை. என் நம்பிக்கையையே அவன் பிடுங்கப் பார்த்தான் என்று நினைத்தேன். அவன் தட்டிவிட்டது நான் யாரிடமோ கேட்டு வைத்திருந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான் என்று புரிய ரொம்ப நாள் ஆனது. அந்த வாக்கியம் போன பிறகும் நான் பிரார்த்தனை செய்துகொண்டுதான் இருந்தேன்.

ஆகவே யாரும் கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் ஏன் நம்புகிறீர்கள் என்று ஒவ்வொரு காரணமாக எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், உண்மையாக எழுதினால் போதும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், "இது தவறு என்று நாளைக்கே தெரிந்தால் நான் கடவுளை விட்டுவிடுவேனா?" என்று கேட்டு ஆம், இல்லை என்று குறியுங்கள். என் பட்டியலில் ஒன்பது வரி வந்தது. உலகம் இவ்வளவு ஒழுங்காக இயங்குவது, அப்பா ஆபரேஷனில் பிழைத்தது, சின்ன வயதுப் பழக்கம் என்று போயிற்று. ஒன்பதில் ஏழுக்கு 'இல்லை' என்றுதான் வந்தது. அந்த ஏழும் முட்டுக் கொடுத்த கம்புகள், சுவர் வேறு எங்கோ நிற்கிறது. நைட் டியூட்டியில் மூன்று மணிக்கு, மானிட்டர் சத்தத்துக்கு நடுவில், நான் தனியாக இல்லை என்று தோன்றுகிறதே, அதற்குப் பக்கத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது.

வாதம் விழுவது வேறு, நம்பிக்கை விழுவது வேறு. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சி. எஸ். லூயிஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர். ஆக்ஸ்ஃபோர்டில் நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் நேருக்கு நேர் விவாதிக்கும் சாக்ரடிக் கிளப்புக்கு அவர்தான் தலைவர். 1948 பிப்ரவரி 2ஆம் தேதி எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற இளம் தத்துவ அறிஞர் அங்கே எழுந்து, அற்புதங்களைப் பற்றி லூயிஸ் எழுதிய புத்தகத்தின் மையமான வாதத்தில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். லூயிஸ் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதி 1960இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். இதில் கவனிக்க வேண்டியது, ஆன்ஸ்கோமும் தீவிரக் கத்தோலிக்கர். கடவுளை நம்பிய ஒருவரே கடவுளுக்குச் சார்பான ஒரு வாதத்தை உடைத்தார், அதற்குப் பிறகும் இருவரும் நம்பினார்கள்.

பட்டியல் போடும்போது ஒரு வகைக் காரணத்தை முன்கூட்டியே களைந்துவிடுவது நல்லது: "அறிவியலால் இதை விளக்க முடியவில்லை, ஆகவே கடவுள்." கோள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பாதை குழம்பிவிடாமல் அவ்வப்போது கடவுள் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் கருதினார். வியாழன், சனி இரண்டின் பாதையில் தெரிந்த முரண்பாட்டை 1780களில் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் கணக்குப் போட்டே விளக்கிவிட்டார். நாஜிச் சிறையில் இருந்த பான்ஹோஃபர் என்ற பாதிரியார் 1944 மே மாதம் எழுதிய கடிதத்தில், நம் அறிவின் ஓட்டைகளை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தாதீர்கள், அறிவு வளர வளர அவரைத் தள்ளிக்கொண்டே போவீர்கள் என்ற பொருளில் சொல்கிறார். அடுத்த வருடம் அவரைத் தூக்கிலிட்டார்கள். கடைசிவரை நம்பிக்கையோடு இருந்தவர் சொன்னது இது.

சரி, கேள்வி வந்துவிட்டது. உடனே பதில் சொல்லாதீர்கள். அது எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள். நம் பழைய தர்க்க நூல்கள் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. உண்மையைத் தெரிந்துகொள்ள இருவரும் பேசினால் வாதம். ஜெயிப்பதற்காகப் பேசினால் ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே நோக்கமானால் விதண்டை. விதண்டாவாதம் என்று நாம் தினமும் சொல்வது இதிலிருந்து வந்ததுதான். வாதத்துக்கு உட்காருங்கள். ஜல்பத்தில் நீங்களும் ஜெயிக்கத்தான் பேசுவீர்கள், அதனால் சீக்கிரம் எழுந்துவிடுங்கள். விதண்டையில் உட்காரவே வேண்டாம்.

நான்காவதாக ஒன்று உண்டு. கேள்வி மாதிரி வரும், உள்ளே காயம் இருக்கும். "உங்கள் கடவுள் எங்கே போனார்?" என்று ஒருவர் கத்தினால், "இந்தக் கேள்வி உங்களுக்கு எப்போதிலிருந்து?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். தத்துவமாகப் பேச வந்தவர் கல்லூரி நாட்களைச் சொல்வார். காயத்தோடு வந்தவர் ஒரு மரணத்தையோ, மதத்தின் பெயரால் தனக்கு நடந்த ஒரு கொடுமையையோ சொல்வார். அப்போது உங்கள் பதில்கள் அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு முழுக்கக் கேளுங்கள். வார்டில் எனக்குத் தெரிந்த அளவில், அழுகிறவரிடம் நியாயம் பேசி ஜெயித்த யாரையும் நான் பார்த்ததில்லை.

உண்மையான வாதம்தான் என்று தெரிந்தால், அவருடைய கேள்வியை நீங்களே திருப்பிச் சொல்லுங்கள், அவர் சொன்னதைவிட வலுவாக. "ஆமா, அதைத்தான் கேட்டேன்" என்று அவர் வாயால் வரும்வரை உங்கள் பக்கத்தைத் திறக்காதீர்கள். இது புது உத்தி ஒன்றும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை எழுதியபோது, தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பகுதியையே மற்றவர்களுக்கு ஒதுக்கினார். அதில் முதலில் வந்து நிற்பவன் கடவுளும் இல்லை, ஆன்மாவும் இல்லை என்கிற உலகாயதன். அவன் பேசி முடித்த பிறகுதான் மறுப்பு வருகிறது. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறிஸ்தவ அறிஞர் தாமஸ் அக்வினாஸும் ஒவ்வொரு பொருளையும் எதிர்ப்பிலிருந்தே தொடங்கினார். கடவுள் உண்டா என்ற இடத்தில் அவர் வைக்கும் எதிர்ப்புகள் இரண்டு: உலகில் தீமை இருக்கிறது, கடவுள் இல்லாமலே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். என் தம்பி கேட்பதும் இந்த இரண்டுதான். இரண்டு மதங்களின் பேரறிஞர்கள் கேள்வியை வீட்டு வாசலிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள், நாம்தான் கதவைச் சாத்துகிறோம்.

தீமை பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும். 1755 நவம்பர் 1ஆம் தேதி காலை, புனிதர் அனைவரின் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத் தேவாலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் உள்ளே வந்தது, அதன் பின் நாள்கணக்கில் நெருப்பு. எல்லாம் நன்மைக்கே என்ற பேச்சின் மீது ஐரோப்பா முழுவதும் சந்தேகம் விழுந்தது அப்போதுதான். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதைப் பற்றிக் கவிதையே எழுதினார். அந்தச் சந்தேகம் நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைத் தயார் செய்தாலும் ஒரு சோதனை வையுங்கள். குழந்தையைப் பறிகொடுத்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் தத்துவம் பேசுகிறவரிடமும் சொல்லாதீர்கள். 'போன ஜென்மப் பாவம்', 'கடவுள் சோதிக்கிறார்', 'அவருக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார்' எல்லாம் என் நோட்டில் இந்தச் சோதனையில்தான் அடிபட்டுப் போயின. மிஞ்சியது "தெரியாது" என்ற ஒரு சொல். அதைத் தப்பிப்பதற்காகச் சொல்லக் கூடாது. தெரியாததைச் சொன்ன கையோடு, தெரிந்ததையும் சொல்ல வேண்டும். நான் இப்போது தம்பியிடம் சொல்வது இதுதான்: "அந்தக் குழந்தை ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாதுடா. யாராவது தெரியும்னு சொன்னா நம்பவும் மாட்டேன். ஆனா அந்த ராத்திரி அவங்க பக்கத்துல நிக்கறதுக்கு எனக்குத் தெம்பு எங்கேயிருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியும்." அவன் அதை வேறு விதமாக விளக்குவான். விளக்கட்டும்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். "கடவுள் இல்லை என்று நீ நிரூபி பார்க்கலாம்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். 1952இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற தத்துவ அறிஞர் இதற்கு ஒரு கற்பனை சொன்னார். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு தேநீர்ப் பாத்திரம் சூரியனைச் சுற்றுகிறது, தொலைநோக்கியில் தெரியாத அளவு சிறியது. இல்லை என்று யாராலும் காட்ட முடியாது என்பதற்காக அதை நம்பிவிட முடியுமா? நியாயமான கேள்வி. எனக்குக் கிடைத்த அனுபவம் எனக்குச் சாட்சி, உனக்கு இல்லை என்று ஒப்புக்கொள்வதில் நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது.

வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் எழுதிய கப்பல்காரர் கதையை நான் அதைவிடவும் மதிக்கிறேன். பழுதான கப்பல் என்று சந்தேகம் இருந்தும், கடவுள் காப்பாற்றுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒருவர் அதை ஜனங்களோடு அனுப்புகிறார், அது மூழ்குகிறது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்ட். ஒரு நர்ஸாக இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. மருந்தின் அளவை நான் இரண்டு முறை சரிபார்க்கிறேன், மூன்றாவதாக இன்னொரு நர்ஸிடமும் காட்டுகிறேன். பிரார்த்தனை அதற்குப் பதிலாக ஒருநாளும் வந்ததில்லை. உங்கள் நம்பிக்கை அடுத்தவர் உயிரிலோ உரிமையிலோ கை வைக்கிறது என்று நம்பாதவர் சுட்டிக்காட்டினால், அந்த இடத்தில் அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். தற்காத்துப் பேச வேண்டிய இடம் அது இல்லை.

நம்பாதவருக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். 'கடவுளே சத்தியம்' என்று சொல்லிவந்த காந்தி 'சத்தியமே கடவுள்' என்று மாற்றிக்கொண்டார். 1931இல் ஸ்விட்சர்லாந்தில் அதற்குக் காரணம் சொன்னபோது, நாத்திகர்கள்கூடச் சத்தியத்தை மறுப்பதில்லை என்றார். பின்னால் கோரா என்ற நாத்திகரைச் சேவாகிராமத்துக்கு வரவழைத்துப் பொறுமையாகப் பேசினார். தன் நம்பிக்கையை அவர் ஒளித்து வைக்கவும் இல்லை.

அப்புறம், பேச்சு முடிந்து எல்லாரும் போன பிறகு வரும் இரவு. உண்மையான சந்தேகம் வருவது அப்போதுதான். வந்தால் பயப்படாதீர்கள். பாக்தாத்தின் மிகப் பெரிய கல்விக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்த இஸ்லாமிய அறிஞர் அல் கஸாலி, புலன்களையும் அறிவையும்கூட நம்ப முடியாமல் சுமார் இரண்டு மாதம் தவித்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். 1095இல் இன்னொரு நெருக்கடியில் நாக்கு எழாமல் பாடம் நடத்தவே முடியாமல் போய், பதவியை விட்டுவிட்டு ஊரைவிட்டே கிளம்பினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, பல பத்து வருடங்கள் கடவுளின் இருப்பை அவர் உணரவே இல்லை என்று தெரிந்தது. அதற்காக அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை.

அப்படிப்பட்ட இரவில் நான் செய்வது கொஞ்சம்தான். புது வாதங்களைத் தேடிப் படிப்பதில்லை. கேள்வியை நோட்டில் தேதியோடு எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன். பிரார்த்தனையை நிறுத்துவதில்லை, ஆனால் அதில் நம்பாத வார்த்தை ஒன்றைக்கூடச் சொல்வதில்லை. சில நாள் அது "இருக்கிறீர்களா?" என்பதோடு முடிந்துவிடும். சந்தேகப்பட்டு மீண்டு வந்த ஒருவரிடம் பேசுகிறேன். சந்தேகமே வந்ததில்லை என்பவரிடம் போவதில்லை, அவரால் பாவம், உதவ முடியாது. இவ்வளவும் செய்து ஒருவருக்கு நம்பிக்கை போய்விட்டால், அவரைக் கோழை என்றோ துரோகி என்றோ நான் சொல்லமாட்டேன். கேள்விக்கு முன்னால் நேர்மையாக நின்றவர் அவர். கேட்கவே விடாமல் காப்பாற்றிய நம்பிக்கை நிற்குமா என்று அதை வைத்திருப்பவருக்கே தெரியாது.

என் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. மேலே தேதி, கீழே 'அந்தக் குழந்தை ஏன்?' என்று ஒரு வரி, மிச்சம் வெற்றுத்தாள். போன மாதம் தம்பி வந்திருந்தபோது எடுத்துக் காட்டினேன். படித்துவிட்டுப் பேனா கேட்டான். அவன் எழுத்தில் அடியில் ஒரு வரி சேர்ந்தது: 'இதற்குப் பதில் இல்லாமல் மறுநாள் அதே வார்டுக்கு எப்படிப் போனாய்?' அதற்கு இதுவரை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.