வடக்கு ஒன்டாரியோவில் கோடை வேலை வேண்டுமா? ஜனவரியிலேயே கேளுங்கள்

சட்பரி, டிமின்ஸ், தண்டர் பே பக்கம் படிக்கிற நம் பிள்ளைகள் ஏப்ரல் கடைசியில், பரீட்சை முடிந்த கையோடு, "அண்ணா, ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஸ்கார்பரோவிலிருந்தும் அதே வாரத்தில்தான் போன் வருகிறது. அப்போது கேட்டால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். வடக்கே பல இடங்களில் பனி இடுப்பளவு கிடக்கும்போதே கோடைக்கு ஆள் எடுத்து முடித்துவிடுகிறார்கள். மே மாதத்தில் கேட்டாலும் கிடைக்கிற வேலைகள் சில உண்டு, அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் விசா நிலை என்ன என்று பாருங்கள், எந்த வழி திறந்திருக்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கும். குடியுரிமையோ பிஆரோ (நிரந்தர வதிவிட உரிமை) அகதிப் பாதுகாப்போ இருந்து, வயது 15 முதல் 30க்குள் என்றால் கனடா சம்மர் ஜாப்ஸ் என்ற அரசுத் திட்டம் உங்களுக்கு உண்டு. ஸ்டடி பெர்மிட்டில் (வெளிநாட்டு மாணவர் அனுமதி) இருப்பவர்களை இதில் எடுக்க மாட்டார்கள். ஆனால் விடுமுறைக்கு முன்னும் பின்னும் முழுநேர மாணவராக இருந்தால், கல்லூரி அறிவித்த கோடை விடுமுறையில் கல்லூரிக்கு வெளியே முழுநேரம் வேலை செய்யலாம், மற்ற நேரத்தில் இருக்கும் வாரம் 24 மணி நேர வரம்பு அப்போது கிடையாது. உங்கள் படிப்பில் கோடையும் ஒரு செமஸ்டர்தான் என்றால் கதையே வேறு, கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கனடா சம்மர் ஜாப்ஸைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அரசு பணம் தருவது மாணவருக்கு அல்ல, வேலை கொடுப்பவருக்கு. லாப நோக்கமில்லாத அமைப்பு என்றால் அடிப்படைக் கூலியை (சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி) முழுதாகவே வாங்கிக்கொள்ளலாம், சின்னக் கடைக்குப் பாதி வரை கிடைக்கும். ஊர் மியூசியம், முதியோர் மன்றம், கோடை முகாம் எல்லாம் முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிட்டு, வசந்த காலத்தில் பதில் வந்த பிறகுதான் வேலையை அரசின் ஜாப் பேங்க் என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் போடுவார்கள். அந்த இடைவெளிதான் உங்களுக்கான நேரம். பிப்ரவரியில் நேரில் போய், "இந்த வருஷம் சம்மர் ஜாப்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள்.

நான் முதல் வேலை பிடித்தது அப்படித்தான். பதினேழாம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊர், மதியம் மூன்று மணி, மைனஸ் இருபத்தைந்து. நூலக வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஈரச் சாக்ஸோடு கவுன்ட்டரில் நின்றேன். அந்த அம்மா ரெஸ்யூமேயைப் பார்க்கவே இல்லை. "யார் வீட்டில் இருக்கிறாய்? கோடை முழுக்க இருப்பாயா?" இந்த இரண்டைத்தான் கேட்டார். பிறகு என் நம்பரை ஒரு புத்தகச் சீட்டின் பின்னால் எழுதி, கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் செருகிவைத்தார். மே முதல் வாரம் கூப்பிட்டுவிட்டார். சின்ன ஊரில் ஆன்லைனில் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேரில் போக முடியாவிட்டால் போனாவது செய்யுங்கள், நீங்கள் உண்மையிலேயே வருவீர்களா, ஆகஸ்ட் கடைசி வரை இருப்பீர்களா என்பதுதான் அவர்கள் கவலை.

டவுன் ஆபீஸ் வேலைகளும் (புல் வெட்டுவது, பூங்கா பராமரிப்பு, குழந்தைகள் முகாம், நீச்சல் குளம்) ஒன்டாரியோ பார்க்ஸ் (மாகாண அரசுப் பூங்காக்கள்) மாணவர் வேலைகளும் குளிர்காலத்திலேயே அறிவிக்கப்படும். லேக் சுப்பீரியர், ஸ்லீப்பிங் ஜயன்ட், குவெட்டிகோ மாதிரியான பூங்காக்களின் பெயரைத் தேடிப் பாருங்கள், சில பூங்காக்களில் தங்க இடமும் உண்டு. காட்டுத்தீ அணைக்கும் வேலைக்கு 18 வயது, எஸ்பி-100 என்ற காட்டுத்தீ அணைக்கும் பயிற்சி, டபிள்யூஎஃப்எக்ஸ்-ஃபிட் என்ற உடல்தகுதித் தேர்வு எல்லாம் வேண்டும். பம்பை முதுகில் சுமந்து நடக்க வேண்டும், ஹோஸ் இழுக்க வேண்டும், ஒரு வாரம் ஜிம்முக்குப் போய்விட்டுத் தேறிவிட முடியாது.

மரம் நடுகிற வேலைக்கு மே மாதத்தில்கூட இடம் கிடைக்கும், பாதியில் ஓடிவிடுகிறவர்கள் அவ்வளவு பேர். கூலி கன்றுக் கணக்கு, ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சென்ட் என்று போகும். கை தேர்ந்தவர் நாளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் நடுவார். புதியவருக்கு முதல் இரண்டு வாரம் அழுகை வரும், உண்மையாகவே சொல்கிறேன். இடுப்பின் இரு பக்கமும் பையில் ஸ்ப்ரூஸ் கன்றுகள், கையில் மண்வெட்டி, குத்து, வளை, செருகு, காலால் மிதி, இரண்டு எட்டு நட, மறுபடி குத்து. மண்ணைத் திறக்கிற விரல்கள் வெடித்துவிடும், அதனால் டக்ட் டேப் சுற்றிக்கொள்வார்கள். அப்புறம் கறுப்பு ஈ. கொசு மாதிரி குத்தாது, தோலைக் கடித்து எடுக்கும், காதுக்குப் பின்னால் கை வைத்தால் ரத்தம் பிசுபிசுக்கும். வலைத் தொப்பி, வெளிர் நிற முழுக்கைச் சட்டை, நல்ல பூட்ஸ், இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கூலி அடிப்படைக் கூலிக்குக் கீழே இறங்கினால் கம்பெனி மீதியைப் போட்டுத் தர வேண்டும். சாப்பாட்டுக்கும் கேம்ப்புக்கும் தினம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கெனோரா, சூ லுக்அவுட், சாப்ளோ பக்கம் ஏரிக்கரை மீன்பிடி லாட்ஜ்கள் நிறைய. நம் ஊர் லாட்ஜ் போல நினைக்க வேண்டாம், மரக் குடில்கள், படகுத்துறை, சில இடங்களுக்கு மிதவை விமானத்தில்தான் போக முடியும். ஸ்டடி பெர்மிட் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். மோட்டார் படகு ஓட்டப் படகு ஓட்டுநர் அட்டை வேண்டும், மது பரிமாற 18 வயதும் ஸ்மார்ட் சர்வ் சான்றிதழும் வேண்டும். இரண்டையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம், பிப்ரவரியில் முடித்து ரெஸ்யூமேயின் மேலேயே போடுங்கள்.

சரி, தங்குவது. இதில்தான் நான் அடிபட்டேன். ஒரு லாட்ஜில் "அறை உண்டு" என்றார்கள், போய்ப் பார்த்தால் ஆறு பேருக்கு ஒரே குடில், கதவுக்குப் பூட்டு இல்லை, சம்பளத்தில் அதற்கும் பிடித்தார்கள். நான் எதையும் எழுத்தில் வாங்கியிருக்கவில்லை. நீங்கள் போனில் பேசி முடித்ததும் ஒரு சின்ன ஈமெயில் போடுங்கள்: மணிக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அறையில் எத்தனை பேர், அறைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பீர்கள், கடைசித் தேதி எது. நல்ல முதலாளி அன்றைக்கே பதில் போடுவார். பதில் போடாதவரிடம் போகாதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து ஒன்டாரியோவில் அடிப்படைக் கூலி மணிக்கு 17.60 டாலர், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மாணவர்களுக்கு 16.60. பெண் பிள்ளைகள் குடிலைப் பற்றி இரண்டு கேள்வி அதிகமாகவே கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் அந்த இடம் வேண்டாம்.

போக்குவரத்து அடுத்த தலைவலி. டொரோன்டோவிலிருந்து தண்டர் பே கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர். ஒன்டாரியோ நார்த்லேண்ட் பஸ் நெடுஞ்சாலை வழியாகப் போகும், ஆனால் அது உங்களை இறக்கிவிடும் பெட்ரோல் பங்க்கிலிருந்து வேலை இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். "பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிப்போக ஆள் வருமா?" என்று கேளுங்கள். லைசென்ஸ் எடுக்க இப்போதே தொடங்குங்கள், பழகுநர் லைசென்ஸான ஜி1 வைத்துத் தனியாக ஓட்ட முடியாது, தனியாக ஓட்ட விடும் அடுத்த கட்டமான ஜி2வுக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் படித்தால் எட்டு மாதம்.

ஹர்ஸ்ட், கபுஸ்கேசிங் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் பிரெஞ்சு பழகிக்கொள்ளுங்கள், ஹர்ஸ்ட்டில் கடையில் நுழைந்தால் "போன்ஜூர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), வங்கிக் கணக்கு விவரம், வரிப் பிடித்தத்துக்கான டிடி1 படிவம் (நிரப்பியது) மூன்றையும் முதல் நாளே கையில் கொண்டு போங்கள், சின்ன இடங்களில் சம்பளக் கணக்கு பார்ப்பவர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், அன்றைக்குத் தவறினால் முதல் சம்பளம் தள்ளிப்போகும். ஆகஸ்டில் கிளம்பும் முன் மேனேஜரைப் பார்த்து, அடுத்த வருஷமும் வரலாமா என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர் சரி என்றால் நீங்கள் ஜனவரியில் தேட வேண்டியதில்லை, கூட ஒரு தோழனையோ தோழியையோ சேர்த்துவிடவும் முடியும்.