காங்கோ விடுதலை வரலாறு: எழுதும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

காங்கோ பற்றித் தமிழில் வரும் வீடியோக்களும் பதிவுகளும் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்: கொடூர ராஜா, வெட்டப்பட்ட கைகள், விடுதலைத் தலைவர் லுமும்பா, சிஐஏ, முடிந்தது. எதுவும் கட்டுக்கதை இல்லை. ஆனால் எதை யார் செய்தார்கள் என்ற இடத்தில்தான் குளறுபடி, அதுவும் சின்னக் குளறுபடி இல்லை.

முதலில், எந்தக் காங்கோ என்று சொல்லிவிடுங்கள். ஆற்றின் ஒரு கரையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பிரஸ்ஸாவில், எதிர்க்கரையில் கின்ஷாசா. இரண்டு நாடுகளும் 1960இல்தான் விடுதலை பெற்றன. இங்கே பேசுவது கின்ஷாசா பக்கம் பற்றி.

'1885 முதல் பெல்ஜியம் ஆண்டது' என்று எழுதாதீர்கள். 1908 வரை அது பெல்ஜிய நாட்டின் காலனியே இல்லை, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு என்ற தனி மனிதரின் சொத்து, அதில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. காட்டுக்கொடியிலிருந்து ரப்பர் எடுக்க ஊர் ஊராக மக்களை அடித்து விரட்டியது அந்தக் காலம். அங்கிருந்த மிஷனரிகள், பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட், பத்திரிகையாளர் மோரல் எல்லாரும் போட்ட சத்தத்தில்தான் பெல்ஜிய அரசு அதை வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதுவது அடுத்த தவறு. கட்டாய உழைப்பு தொடர்ந்தது, சாட்டையடியும் தொடர்ந்தது.

கைகளை வெட்டியது ரப்பர் குறைந்ததற்கான தண்டனை என்று மட்டும் சொல்வதும் போதாது. சிப்பாய்கள் தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கவில்லை என்று அதிகாரியிடம் காட்ட, கொன்றவரின் வலக்கையைக் கொண்டுவர வேண்டும். வேட்டையில் தோட்டாவைச் செலவழித்தவன் உயிரோடு இருப்பவரின் கையை வெட்டிக் கணக்கு காட்டினான். அப்புறம், 'ஒரு கோடிப் பேர் செத்தார்கள்' என்பதை எண்ணிப் பார்த்த கணக்கு போல எழுத வேண்டாம். அப்போது அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அது ஒரு மதிப்பீடு, கொலையோடு பசியும் தூக்க நோயும் பிறப்பு குறைந்ததும் அதில் சேரும்.

1960க்கு வருவோம். பெல்ஜியம் பெருந்தன்மையாக விடுதலை கொடுத்தது என்ற கதையை விட்டுவிடுங்கள். 1959 ஜனவரியில் தலைநகரில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு அடுத்த ஆண்டு பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் வட்டமேசை மாநாடு, ஜூன் 30 என்று தேதி, அவ்வளவுதான். பட்டதாரிகள் முப்பது பேர்கூட இல்லாத நாடு அது. காங்கோக்காரர் ஒருவரைக்கூட ராணுவ அதிகாரியாக்கவில்லை. சில நாட்களிலேயே சிப்பாய்கள் கலகம் செய்தார்கள், ஜூலை 11 அன்று சுரங்கச் செல்வத்தில் பெரும்பங்கு இருந்த கட்டாங்கா மாகாணம், அங்கத்திய அரசியல்வாதி சோம்பே தலைமையில் பிரிந்து போனது, அதற்குப் பின்னால் சுரங்கக் கம்பெனியும் பெல்ஜியப் படையும் நின்றன. இதையெல்லாம் தாண்டிவிட்டு 'ஆளத் தெரியவில்லை' என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

லுமும்பா குடியரசுத் தலைவர் இல்லை, பிரதமர். தலைவர் கசாவுபு, செப்டம்பரில் லுமும்பாவைப் பதவி நீக்கியவரும் அவரே. ஒன்பது நாளில் ராணுவத் தளபதி மொபுட்டு அதிகாரத்தைப் பிடித்தார். இது அவருடைய முதல் ஆட்சிக் கவிழ்ப்பு, 1965இல் நடந்தது இரண்டாவது, பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

'சிஐஏ கொன்றது' என்ற ஒற்றை வரிதான் மிக மோசம். சிஐஏ விஷம் அனுப்பியது உண்மை, ஆனால் அது பயன்படவில்லை. லுமும்பாவைப் பிடித்தது மொபுட்டுவின் ஆட்கள். கட்டாங்காவுக்கு அனுப்பினால் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தே அனுப்பினார்கள். 1961 ஜனவரி 17 இரவு, பெல்ஜிய அதிகாரிகள் கூட இருக்க, கட்டாங்கா அமைச்சர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கட்டாங்கா சிப்பாய்கள் சுட்டார்கள். அவரோடு செத்த ம்போலோ, ஒகிட்டோ இருவரின் பெயரையும் யாரும் எழுதுவதே இல்லை. உடலை அமிலத்தில் கரைத்தவர் ஒரு பெல்ஜியப் போலீஸ்காரர். அவர் எடுத்து வைத்திருந்த லுமும்பாவின் பல் 2022இல்தான் குடும்பத்திடம் திரும்ப வந்தது. அமெரிக்காவை மட்டும் குற்றம் சொல்லிவிட்டால் பிரஸ்ஸல்ஸும் சோம்பேயும் சுலபமாகத் தப்பிவிடுகிறார்கள்.

நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்றும் நினைக்க வேண்டாம். அப்போது காங்கோவுக்குப் போன ஐ.நா. படையில் இந்தியப் பிரிகேட் ஒன்று இருந்தது. கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில் கட்டாங்கா படையோடு மோதி இறந்தார், அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அந்த ஊரின் இன்றைய பெயர் லுபும்பாஷி, வரைபடத்தில் தேடும்போது பழைய பெயரைப் போட்டு அலையாதீர்கள்.