சோழவரம் ஓடுபாதையைப் படமாக்குவது எப்படி? பந்தய வரலாற்று ஆவணப்படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

மோட்டார் பந்தய வரலாற்றை ஆவணப்படமாக எடுக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தக் கேமராவை வாங்கலாம் என்பதைத்தான். கையிலிருக்கும் கைப்பேசியே தொடக்கத்திற்குப் போதும். கூடுதலாக ஒரு காலர் மைக்கும் ஆடாத முக்காலியும் இருந்தால் நல்லது. ஆனால் சோழவரத்தில் எழுபதுகளில் வண்டி ஓட்டியவர்களும், அவர்களுக்கு வண்டி தயார் செய்தவர்களும் இன்று எழுபது எண்பது வயதை எட்டிவிட்டார்கள் என்பதால், கேமரா வாங்கும் வரை அவர்களிடம் போகாமல் காத்திருப்பது சரியல்ல. சென்னைக்கு வடக்கே உள்ள அந்தச் சோழவரத்தையே எடுத்துக்காட்டாக வைத்து, அரைமணி நேரப் படம் ஒன்றை எப்படி உருவாக்கலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரே ஒரு கேள்வி

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை சோழவரத்தில் இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஒரு தடம் திறக்கப்பட்டது. பம்பாயில் ஜுஹு, கல்கத்தா அருகே பாரக்பூர் ஆகிய இடங்களிலும் ஓடுபாதைகளில்தான் பந்தயம் நடந்தது. இந்தப் பின்னணியிலிருந்து, 'விமானம் இறங்கப் போட்ட பாதையில் நடந்த பந்தயம் எப்படி இருந்தது?' என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கோயம்புத்தூர் கரிவரதனையும், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நாராயண் கார்த்திகேயனையும் இதே படத்தில் சேர்க்கும் ஆசை நிச்சயம் வரும். அவை தனிப் படங்களுக்கு உரியவை. இந்தப் படத்தில் ஆளுக்கு ஒரு வரி போதும்.

படி 2: காலவரிசைக் குறிப்பேடு

ஒரு குறிப்பேட்டில் ஆண்டு, நிகழ்வு, சொன்னவர், சான்று என நான்கு பத்திகள் போடுங்கள். சான்று இல்லாத எதையும் பின்னணிக் குரலில் உறுதியான செய்தியாகச் சொல்லாதீர்கள்; சொன்னவரின் வாயாலேயே வரட்டும். பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் என்பதால், பழைய நாளிதழ்களின் திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கங்களிலிருந்து தேடத் தொடங்குவது எளிது. சென்னையில் கன்னிமாரா நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இதற்கு உதவும்.

நாள் குறிக்கப்படாத புகைப்படங்களுக்கு அதில் உள்ள வண்டிகளே சாட்சி. ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வந்தது 1983-இல். மாருதி 800 வந்ததும் அதே ஆண்டின் இறுதியில்தான். ஆகவே, இவற்றில் ஒன்று நிற்கும் படத்தை எழுபதுகளில் எடுத்தது என்று ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், அவருடைய நினைவு பிசகியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. குறிப்பேட்டில் திருத்தினால் போதும்.

படி 3: நேர்காணல்

கோப்பை வென்றவர்களை எல்லோரும் தேடிப் போவார்கள். நான் முதலில் மெக்கானிக்குகளைத் தேடச் சொல்வேன். வென்றவர் தம் கதையைப் பலமுறை சொல்லி மெருகேற்றி வைத்திருப்பார். மெக்கானிக்கிடமோ அந்தக் கதையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பேசிய ஒரு பெரியவர் முதல் இருபது நிமிடம் 'ஆமாம் தம்பி', 'இல்லை தம்பி' என்பதற்கு மேல் பேசவில்லை. ஒரு பழைய கார்புரேட்டரை அவர் கையில் கொடுத்ததும், கண் பாராமலே விரலால் ஜெட்டை (எரிபொருள் பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத் திருகை)த் தேடித் தொட்டுவிட்டு, "சோழவரத்துல காலையில ஒரு ஜெட், மதியம் வேற ஜெட். வெயில் ஏறினா காத்து மாறும்ல" என்று ஆரம்பித்தார். பிறகு ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை. அதனால் கேள்வித்தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், ஒரு பொருளையோ புகைப்படத்தையோ கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். 'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'இந்தத் திருப்பத்தில் எந்த கியரில் போவீர்கள்?' என்று கேளுங்கள்.

பதிவின்போது மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் சற்று நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும், யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பில் வெட்டுகளை மறைக்க அது கட்டாயம் தேவைப்படும். பேட்டியைப் படத்தில் பயன்படுத்த ஒப்புதல் என்று ஒரு தாளில் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படி 4: பழைய படங்களும் ஃபிலிம் சுருள்களும்

குடும்ப ஆல்பங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேட்காமல், அங்கேயே வைத்துப் பிரதி எடுங்கள். அலமாரியில் சூப்பர் 8 சுருள் (அந்தக் காலத்து வீட்டுக் கேமராக்களில் பயன்பட்ட 8 மி.மீ. ஃபிலிம்) கிடைத்தால் அது பெரும் அதிர்ஷ்டம். 50 அடிச் சுருள் ஒன்று, நொடிக்கு 18 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில், 3 நிமிடம் 20 நொடிதான் ஓடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய புரொஜெக்டரில் போட்டுப் பார்க்காமல், சட்டம் சட்டமாக ஸ்கேன் செய்யும் ஓரிடத்தில் விரைவில் கொடுங்கள்.

இங்கே தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் செய்யும் ஒரு தவறு உண்டு. 18 சட்டங்களில் எடுத்ததை அப்படியே 25 சட்டங்களில் ஓட்டினால், வண்டிகள் உண்மையைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு வேகமாகப் பறக்கும். பார்ப்பதற்குப் பரபரப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேகத்தைப் பற்றிய படத்தில் வேகத்தையே பொய்யாகக் காட்டுவது நியாயமில்லை. தொகுப்பு மென்பொருளில் சட்ட வேகத்தை 18 என்று குறித்த பிறகே காட்சியைப் பயன்படுத்துங்கள்.

உரிமை விஷயத்தில், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கான உரிமை பொதுவாக அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஆகவே பழைய படம்தானே என்று எண்ணாமல் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

படி 5: இடம்

ஓடுபாதை போன்ற இடங்களில் கேமராவை எடுக்கும் முன், நிலம் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை விசாரித்து அனுமதி வாங்குங்கள். ட்ரோன் என்றால் அதற்குரிய விதிகள் தனி. அனுமதி கிடைத்தால் பழைய புகைப்படம் ஒன்றின் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில், அதே உயரத்தில், அதே அடிவானக் கோட்டில் கேமராவை நிறுத்துங்கள். வெயில் சாய்ந்திருக்கும் காலை வேளை உகந்தது. கிடைக்காவிட்டால் வெளிச்சாலையும் ஒரு பழைய வரைபடமும் போதும்.

படி 6: ஒலியும் தொகுப்பும்

அந்தக் காலத்து வீட்டுச் சுருள்கள் பெரும்பாலும் ஊமைப் படங்கள். அவற்றுக்கு எஞ்சின் ஒலி சேர்க்க நினைத்தால், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு ஃபார்முலா கார் இரைச்சலை ஒட்டிவிடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கிரீச்சென்று மேலேறும்; ஃபோர்-ஸ்ட்ரோக் புல்லட்டின் துடிப்பு வேறு. பழைய வண்டிகளைப் பராமரிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, திறந்தவெளியில், மைக்கை எக்ஸாஸ்டுக்கு நேர்ப்பின்னால் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். பின்னர் சேர்க்கப்பட்ட ஒலி என்பதைப் படத்தின் முடிவில் ஒரு வரியில் அறிவித்துவிடுங்கள்.

தொகுக்கும்போது முதலில் குரல்களை மட்டும் கோர்த்து, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். கதை புரிந்தால் மட்டுமே காட்சிகளை அடுக்குங்கள். திரையரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடுவதென்றால் தணிக்கைச் சான்றிதழ் பெற வேண்டும் என்பதையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: முதல் திரையிடல்

முதல் பிரதியைப் பேட்டி கொடுத்தவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்; திருத்தங்களுக்கென்று இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள். மேலே சொன்ன அந்தப் பெரியவர் படத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தபோது, ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "வண்டி நம்ம வண்டிதான் தம்பி, சத்தம் நம்ம சத்தம் இல்ல. இது கம்பெனி சைலன்சர். நாங்க அதைக் கழட்டிட்டுல்ல ஓட்டினோம்." அடுத்த ஞாயிறு மைக்கோடு மறுபடியும் போனேன், இந்த முறை சைலன்சரைக் கழற்றியவரும் அவரேதான்.