கறள் பிடித்த மொரிஸ் மைனர் பிக்கப்

யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ் மைனர் கார்கள் இன்னும் ஓடுகின்றன. பிக்கப் கிடைப்பதுதான் அருமை. ஒரு வளவில் வேப்பமரத்துக்குக் கீழே நின்றதைக் கண்டதும் விடாமல் வாங்கினேன். காருக்குத் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) இல்லை. 1953 இல் வந்த பிக்கப்புக்கு உண்டு. கழற்றிப் பூட்ட அது பெரிய வசதி.

முதலில் சேஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே உக்கிய இடம் பொத்தென்று கேட்கும். பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்தில் ஸ்குரூடிரைவர் நேராக உள்ளே போனது. அங்கே பட்டி பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது. பெற்றோல் தாங்கியையும் பற்றரியையும் கழற்றித் தூர வைத்துவிட்டு, உக்கியதை வெட்டியெடுத்து அதே தடிப்புத் தகட்டை வெல்ட் பண்ணினேன்.

சின்னச் சாமான்களுக்குச் சலவைச் சோடாத் தண்ணீர்தான் மருந்து. பிளாஸ்டிக் பீப்பாயில் கரைத்து, 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ்வைக் கறள் பிடித்த சாமானிலும் பொசிட்டிவ்வைப் பழைய இரும்புத் துண்டிலும் பூட்ட வேண்டும். இரண்டும் ஒன்றில் ஒன்று முட்டக் கூடாது. கறள் கறுத்து இளகிவிடும், அப்புறம் பிரஷ் போட்டால் சரி. பொசிட்டிவ்வில் எவர்சில்வர் மட்டும் வேண்டாம், நச்சுக் குரோமியம் கரையும். ஐதரசன் வாயு வரும் என்பதால் திறந்த முற்றத்தில், நெருப்பு அண்டாமல் செய்யுங்கள்.

சுத்தமாக்கிய இரும்பை ஓர் இரவுகூட வெறுமனே விடாதீர்கள். எங்கள் கடற்காற்றில் விடியுமுன் திரும்பவும் கறள் ஏறிவிடும். கழுவி, நன்றாகக் காயவைத்து, அன்றைக்கே எபொக்சி பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். சேஸின் உட்பக்கத்துக்கு மெழுகு கலந்த எண்ணெய் விசிறினேன், தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காமல். இனிக் கதவுகளின் அடி விளிம்புதான் மிச்சம்.