பினாயில் ஊற்றினால் பூனை அடங்காது

"ஏட்டி, வீட்டுக்குள்ள கடுவன் பூனை பீச்சியிருக்கா?" பக்கத்து வளவு ஆச்சி படியேறும்போதே கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. தினமும் அதே காற்றில் இருக்கிறவர்களுக்கு மூக்கு பழகிப்போகும். ஆச்சி நேராகப் போய்க் கைகாட்டிய இடம், பட்டாசாலை மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த பத்தமடைப் பாய். கோரைக்குள் இறங்கிவிட்ட மூத்திர வாடை. செய்தவன் கருப்பட்டி, எங்கள் வீட்டுப் பூனை. இடி இடித்தால் அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒளிகிற பயந்தாங்கொள்ளி.

அடுத்த ஒரு மாதம் நான் செய்த எல்லாமே தப்பு. ஒவ்வொன்றுக்கும் அவன் இரண்டு இடத்தில் கூடுதலாகப் பீச்சினான்.

பூனை தன் வீட்டை மோந்துதான் அறிகிறது. புழங்கும் இடமெல்லாம் தன் வாசனை இருந்தால் அதற்கு நிம்மதி. சாதாரண நாளில் கன்னத்தை உரசியே அந்த வாசனையைப் பூசிக்கொள்ளும். நிலைக்கதவின் ஓரத்தில், நம் முழங்காலுக்குக் கீழே, எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு பட்டை படிந்திருக்குமே, அது அந்தக் கன்ன உரசல்தான். பயம் வந்துவிட்டால் கன்னம் போதாது, மூத்திரத்தைக் கையில் எடுக்கிறது. 'திட்டினதுக்கு வஞ்சம் தீர்க்குது', 'கொழுப்பெடுத்துப் போச்சு' என்பதெல்லாம் நாமாகக் கட்டும் கதை.

இப்போது நான் செய்த முதல் காரியத்தைப் பாருங்கள். பினாயில். நம் ஊரில் எந்த நாற்றத்துக்கும் அதுதானே மருந்து? தரை, சுவர், கதவு என்று அரை பாட்டிலைக் காலி செய்தேன். கன்னத்தால் பூசிய வாசனை உட்பட எல்லாம் போய்விட்டது. கருப்பட்டிக்கு அது வேறு யாரோ குடிவந்த வீடு. அன்று ராத்திரியே ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் பீச்சிவிட்டான்.

வாடைப் பிரச்சினையை விடப் பெரியது விஷப் பிரச்சினை. பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். தண்ணீரில் விட்டால் பால் போல் வெளுக்கும் கிருமிநாசினியும் ஆபத்துதான். அந்துருண்டை, கற்பூரம், நீலகிரித் தைலம் ஆகியவற்றை மூலையில் வைத்து விரட்டப் பார்ப்பவர்களும் உண்டு. இவை மூன்றும் பூனைக்கு நஞ்சு. பிளீச்சிங் பவுடர் போட்டால் மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து கிளம்பும் வாயு நமக்கே மூச்சு முட்டும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னொரு வேடிக்கை. பூனையின் மூக்குக்கு அதுவே மூத்திர வாடைதான். வேறு ஏதோ பூனை வந்து போயிருக்கிறது என்று நினைத்து அதன்மேலேயே மறுபடியும் பீச்சும்.

கழுவத்தான் வேண்டும், பீச்சிய இடத்தை மட்டும். முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். என்சைம் உள்ள துணி சோப்புப் பொடியை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை லேசாக அடித்து, அது ஆவியாகும்வரை பூனையை அண்டவிடாதீர்கள். அடுப்பு எரியும்போது இதைச் செய்ய வேண்டாம். பழைய சிவப்புத் தரை, பாலிஷ் போட்ட மரம் என்றால் ஓரத்தில் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள், சாயம் போகலாம். எங்கே பீச்சியது என்று தெரியவில்லையா? கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு டார்ச்சை இருட்டில் அடித்தால் கறை மினுங்கும். சுண்ணாம்புச் சுவர் என்றால் உள்ளே உறிஞ்சியிருக்கும், ஒரு தடவையில் போகாது. பாயை நான் கடைசியில் வெளியே போட்டேன்; கோரையைக் காப்பாற்ற முடியவில்லை.

நிலைக்கதவுப் பட்டையைத் தேய்த்து எடுக்காதீர்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளில் தை பிறந்ததும் பூனை பீச்ச ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரேயடியாக எல்லா அறைக்கும் அடிக்காமல், ஒரு அறையை விட்டுவைத்துப் பூனையை அங்கே இருத்தி, அப்புறம் மாற்றலாம். மெல்லிய பருத்தித் துணியால் அதன் கன்னத்தை நீவி, பீச்சிய இடத்தைக் கழுவிக் காயவைத்த பிறகு அந்தத் துணியால் தடவிவிடுவதும் உண்டு. ஆச்சி இதைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால், பீச்சுகிறதா, வெறுமனே கண்ட இடத்தில் பெய்கிறதா என்று பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பீச்சும் பூனை நின்றபடி, வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, பின்பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கொஞ்சமாக அடிக்கும். குந்தி உட்கார்ந்து தரையிலோ மெத்தையிலோ நிறையப் பெய்தால் அது வேறு சங்கதி: மணல் தட்டு பிடிக்கவில்லை, அல்லது உடம்புக்கு முடியவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து வைத்தியம் பார்ப்பது வீண். இதில் ஒரு தப்பு உயிரையே வாங்கும். கடுவன் அடிக்கடி முக்கி, கத்தி, சொட்டுச் சொட்டாகப் போனாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, 'சூடு பிடிச்சிருக்கு' என்று இளநீரும் மோரும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். மூத்திரப் பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் பூனை செத்துப்போகும். ராத்திரியானாலும் அன்றைக்கே டாக்டர். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதோடு சேர்ந்த சிகிச்சைப் பிரிவும் உண்டு.

காயடிக்கும் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. ஐந்தாறு மாதத்திலேயே, பீச்சத் தொடங்கும் முன் செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்களுக்குப் பிரச்சினையே வராது. ஆனால் காயடித்த கடுவன்களிலும் பத்தில் ஒன்று பீச்சும். பெட்டையும் பீச்சும், இருபதில் ஒன்று போல. கருப்பட்டிக்கு ஒன்றரை வயதில்தான் செய்தோம்; அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. ஆபரேஷன் முடிந்தும் பீச்சுகிறதே என்று டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, பயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

நான் ஒரு நோட்டில் நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்து வைத்தேன். இரண்டு வாரத்தில் விஷயம் பிடிபட்டது. முக்கால்வாசி புறவாசல் கதவு, அதையொட்டிய சன்னல். வாசல், சன்னல் ஓரத்தில் பீச்சினால் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். வளவுக்குள் புதிதாக ஒரு செம்பழுப்புக் கடுவன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குச் சாளைமீன் தலை போட்டுப் பழக்கியது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். வாயில்லா ஜீவன் என்று பரிதாபப்பட்டு, புறவாசல் படியிலேயே வைத்தேன். சன்னலுக்கு உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மீன்தலையை வளவின் அந்தப் பக்கம், கிணற்றடிக்கு மாற்றினேன். சன்னலின் கீழ்ப்பாதிக்குக் காகிதம் ஒட்டினேன். கதவுக்கு வெளிப்புறம் அந்தக் கடுவன் பீச்சியிருந்ததையும் கழுவினேன். பலர் உள்பக்கத்தை மட்டும் கழுவிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள். கருப்பட்டியின் சாப்பாட்டுத் தட்டைப் புறவாசல் கதவோரம் வைத்தேன். சாப்பிடும் இடத்தில் பூனை பொதுவாகப் பீச்சாது.

நோட்டில் பை, செருப்பு, விருந்தாளி பெட்ஷீட் என்று இருந்தால் வேறு கதை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சென்னைச் சொந்தங்கள் மூட்டை முடிச்சோடு இறங்குவார்கள். ஈரத் துண்டும் புது வாடையும் வீடு முழுக்க. பைகளைத் தரையில் விடாமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். விருந்தாளிகளிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு பிரச்சினை. "அத்தான், பையை உள்ளே வைங்க, எலி இருக்கு" என்று ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூக்கைப் பிடித்துக் கறையில் தேய்ப்பது, அடிப்பது, துடைப்பத்தைத் தூக்குவது: செய்யாதீர்கள். ஏற்கெனவே பயத்தில் பீச்சுகிற பூனைக்கு நீங்களும் ஒரு பயம்.

மணல் தட்டு விஷயத்தில் எண்ணிக்கை முக்கியம். பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று. தினமும் அள்ளுங்கள். வாசனை போட்ட மணல் நம் மூக்குக்குத்தான் சுகம். தண்ணி மோட்டார், வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால் பயந்த பூனை அந்தப் பக்கமே போகாது.

கோவில் கொடை விழாவும் தீபாவளியும்தான் நம் பக்கத்தில் கடினம். ஒலிபெருக்கிக் குழாயைச் சன்னலுக்கு நேரே கட்டிவிட்டு விடிய விடிய வில்லுப்பாட்டு வைக்கும்போது யாரிடம் போய் நியாயம் கேட்பது? வெடிச் சத்தம் தொடங்கிய பிறகு பூனையைத் தூக்கிக் கொஞ்சுவது பிரயோசனப்படாது, பிறாண்டிவிட்டு ஓடும். இரண்டு நாள் முன்பே உள்ளறை ஒன்றை ஒதுக்கி, அதன் பழைய துணி, மணல் தட்டு, தண்ணீர், நுழைந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி எல்லாம் வைத்துப் பழக்குங்கள். அந்தத் துணியைத் துவைக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்காத பூனைகள் உண்டு. அவற்றுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளை டாக்டர் எழுதுவார். பலன் தெரிய வாரங்கள் ஆகும், நினைத்தபோது நிறுத்தவும் கூடாது. வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கும் வேலை வேண்டாம்.

கருப்பட்டிக்கு மாத்திரை தேவைப்படவில்லை. நோட்டில் வாரத்துக்குப் பத்து என்று இருந்தது, மூன்று மாதத்தில் ஒன்றிரண்டுக்கு வந்தது. போன கொடைக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் என் குடையில். புதுப் பாய் வாங்கியாகிவிட்டது. அதை நிறுத்தி வைக்காமல் மச்சில் படுக்கப் போட்டிருக்கிறேன்.