உங்கள் டிரான்சாக்ஷன் இரண்டு தடவை ஓடும்

டிரான்சாக்ஷன் என்றால், முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரு தொகுதி வேலை. அந்தக் கோடு ரிவ்யூவுக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: உள்ளே எங்காவது மெயில் போகிறதா, வெளி ஏபிஐ எதையாவது கூப்பிடுகிறதா? இருந்தால் மீதியைப் படிக்காமலே திருப்பிவிடுவேன். கறார்தான், வேறு வழியில்லை.

1993இல் கணினி ஆய்வாளர்கள் ஹெர்லிஹியும் மோஸும் டிரான்சாக்ஷனல் மெமரியை ஹார்ட்வேருக்காக முன்வைத்தார்கள். லாக் (மற்றவரைத் தடுக்கும் பூட்டு) இல்லாமல் படி, எழுது, கடைசியில் கமிட் செய், அதாவது எழுதியதை உறுதியாக்கு. நீ படித்ததை நடுவில் வேறொருவர் மாற்றியிருந்தால் எல்லாவற்றையும் உதறிவிட்டு மறுபடி ஓடு. பல சர்வர்களுக்குப் பரப்பினாலும் ஃபவுண்டேஷன்டிபி போன்ற டேட்டாபேஸ்களில் அடிப்படை இதுதான். மறுபடி ஓடும்போது அந்த மெயிலும் மறுபடி போகும். அனுப்ப வேண்டியதை அதே டிரான்சாக்ஷனில் ஒரு வரிசையில் (க்யூவில்) எழுதி வையுங்கள்; கமிட் ஆனபின் வேறொரு வொர்க்கர் புரோகிராம் எடுத்து அனுப்பட்டும்.

டிரான்சாக்ஷன் சின்னதாக இருக்கட்டும். ஃபவுண்டேஷன்டிபியில் 5 விநாடிதான் கெடு.

எல்லோரும் ஒரே கவுண்டரைப் படித்துக் கூட்டி எழுதினால் மோதல் ஓயாது. படிக்காமலே கூட்டும் அட்டாமிக் ஆட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கவுண்டரைப் பல கீகளாகப் (தனித்தனிப் பதிவுகளாகப்) பிரித்து, ஏதோ ஒன்றில் கூட்டுங்கள். மொத்தம் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

பலர் கோட்டை விடும் இடம் இனிமேல்தான். ஒரே மெஷினில் கமிட் என்றால் ஆச்சு, இல்லை, இரண்டே பதில். நெட்வொர்க் நடுவில் வந்தால் மூன்றாவதும் உண்டு: தெரியாது. கமிட் நடந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஃபவுண்டேஷன்டிபி இதற்கு 1021 என்று தனி எரர் எண்ணே வைத்திருக்கிறது. அதன் ரீட்ரை லூப் (தோற்றதை மறுபடி ஓட்டும் சுற்று) இந்த எரருக்கும் மறுபடி ஓட்டும். அட்டாமிக் ஆட் ஆனாலும் எண்ணிக்கை இரண்டு தடவை ஏறிவிடும்.

இதைத் தடுக்க ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஐடி கொடுங்கள். ஐடியை ரீட்ரை லூப்புக்கு வெளியே உருவாக்க வேண்டும். உள்ளே உருவாக்கினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது ஐடி வந்து, வைத்ததே வீணாகிவிடும். டிரான்சாக்ஷனின் முதல் வேலை அந்த ஐடி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று படிப்பது. இருந்தால் அப்படியே வெளியேறலாம். இல்லையென்றால் வேலையைச் செய்து, ஐடியையும் சேர்த்து எழுதிக் கமிட் செய்யுங்கள்.

டெஸ்டில் கமிட்டை உண்மையிலேயே நடக்கவிட்டு, பதில் வரவில்லை என்று பொய் எரர் எறியுங்கள். கணக்கு மாறாமல் நின்றால் மெர்ஜ் செய்யலாம். சேரும் பழைய ஐடிகளை அழிக்கத் தனி ஜாப் வேண்டும். ரீட்ரை நடக்கக்கூடிய காலம் முழுதாகக் கழிந்தவற்றை மட்டும் அது தொடட்டும்.